குளோன் மட்டும் இருந்தால் போதுமா? கடை, ஸ்ரூடியோ, பாடசாலைக் கணினிகளுக்குக் காப்பெடுக்கும் முழுமையான வழிகாட்டி

"பக்கப்பா? இருக்குத் தம்பி. ஹார்ட் டிஸ்க்கை அப்பிடியே குளோன் அடிச்சு அலுமாரிக்குள்ள வச்சிருக்கு."

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கணினி திருத்துகிற எவரும் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. டிஸ்க்கும் இருக்கும், அலுமாரியும் இருக்கும். எப்போது அடித்தது, அதைப் பூட்டி ஓடவிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால்தான் பேச்சு நிற்கும். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லக்கூடிய நிலைக்கு உங்கள் கணினியைக் கொண்டுவருவதற்காகத்தான் இந்த வழிகாட்டி. ஆவணத் தட்டச்சு, கலியாண அல்பம், பாடசாலை வினாத்தாள், கூட்டுறவுச் சங்கக் கணக்கு என்று ஒன்றிரண்டு கணினியில் தொழிலே தங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

குளோன் உண்மையில் என்ன செய்கிறது

குளோன் மென்பொருள் ஒரு டிஸ்க்கில் உள்ள விண்டோஸ், கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் பகுதி, நிறுவிய மென்பொருட்கள், உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே மாற்றுகிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றி இதைப் பூட்டினால் கணினி வழமைபோல ஓட வேண்டும். இதே உள்ளடக்கத்தைச் சுருக்கி ஃபைலாகச் சேமித்தால் அது இமேஜ். ஒரு பெரிய டிஸ்க்கில் தை மாத இமேஜ், சித்திரை இமேஜ் என்று பலவற்றை அடுக்கலாம். குளோன் டிஸ்க்கில் ஒரு குளோன்தான் இருக்கும். மூன்றாவது வகை, ஃபைல்களை மட்டும் அவற்றின் பழைய பதிப்புகளோடு சேர்த்து வைப்பது.

குளோன் என்பது உழவு இயந்திரத்துக்கு வைத்திருக்கும் உதிரிச் சில்லு. சில்லு வெடித்தால் மாற்றிக்கொண்டு ஓடலாம்; பெட்டியிலிருந்து வழியெல்லாம் சிந்திய நெல்லை அது திருப்பித் தராது. டிஸ்க் பழுதாகும் ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் குளோன் மருந்து. ஃபைல் தொலைவதற்கான மற்றக் காரணங்கள் பலவற்றுக்கு அது உதவாது, சிலவேளை நிலைமையை மோசமாக்கும்.

எங்கெங்கே கவிழ்க்கும்

அழிந்ததும் சேர்ந்தே கொப்பியாகும் என்பதுதான் முதலாவது, ஆகப் பெரியது. கரடிப்போக்குச் சந்தியடியில் ஒரு ஸ்ரூடியோ என்று வைத்துக்கொள்வோம். மாத முடிவில் ஒழுங்காகக் குளோன் எடுக்கிறார்கள். மாதத் தொடக்கத்தில், உதவிக்கு நிற்கிற பெடியன் இடம் காணாதென்று ஒரு கலியாண வீட்டு ஃபோல்டரை அழித்துவிடுகிறான். ஒருவருக்கும் தெரியாது. மாத முடிவில் வழமைபோலக் குளோன். பழைய குளோனில் இருந்த அந்தக் கலியாணமும் அத்தோடு போய்விடும். அடுத்த மாதம் பொம்பிளையின் தாய் அல்பம் கேட்டு வரும்போது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே வெறுமை. ஒழுங்காகக் குளோன் எடுத்ததால்தான் அந்தப் படங்கள் முற்றாகப் போயின.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வேர் வைரஸும் இதே கதைதான். பூட்டுப்பட்ட ஃபைல்களைக் குளோன் மென்பொருள் விசுவாசமாகக் கொப்பி பண்ணும். டிஸ்க் எப்போதும் கணினியில் செருகியபடியே இருந்தால் வைரஸ் நேரடியாக அதற்குள்ளும் போகும். இது சின்னக் கடைகளுக்கு மட்டும் வருகிற வில்லங்கம் அல்ல. 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைத் தொகுதியை ரான்சம்வேர் தாக்கியது. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்து பூட்டுப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த காப்பு இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் அந்தக் காலத்துக் கடிதங்கள் போய்விட்டன.

இரண்டாவது, குளோன் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்களிடம் காப்பே கிடையாது. புதிய குளோன் தொடங்கியவுடன் பழையது அழியத் தொடங்கும். 1 டெராபைட் டிஸ்க்கை யூஎஸ்பி 3 வழியாக முழுதாகக் கொப்பி பண்ண, விநாடிக்கு 100 மெகாபைட் வேகம் கிடைத்தால்கூட மூன்று மணித்தியாலம் வரும். பழைய யூஎஸ்பி 2 துளை என்றால் எட்டு, ஒன்பது மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் கரண்ட் போகாது என்று எங்கள் பக்கத்தில் யார் உத்தரவாதம் தருவார்கள்? கடைகளில் இருக்கும் சின்ன யூபிஎஸ் கணினியை ஒழுங்காக நிறுத்தும் மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். பாதியில் நின்ற குளோன் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மாறி மாறி எழுத இரண்டு டிஸ்க் வைத்திருந்தால் மட்டுமே இதற்குத் தப்பலாம்.

மூன்றாவது திசை மாறுவது. எதிலிருந்து எதற்கு என்று மென்பொருள் கேட்கும்போது, ஒரே கொம்பனியின் ஒரே அளவு டிஸ்க் இரண்டு செருகியிருந்தால் பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். மாற்றி அழுத்தினால் வெறும் டிஸ்க் உங்கள் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்படும். தொடங்க முன்னர் டிஸ்க்கின் மேலே ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தின் கடைசி நாலு எழுத்தைத் தாளில் எழுதி, திரையில் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். தேவையில்லாத மற்ற டிஸ்க், பென் ட்ரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

நாலாவது, குளோன் ஓடாமல் போவது. இதற்குக் காரணங்கள் பல. கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய பயோஸ் முறையில் எடுத்த குளோனை, அதன் புதிய வடிவமான யூஈஎஃப்ஐ மட்டும் ஏற்கும் புதிய கணினியில் பூட்டினால் அது பூட் ஆகாது. தாய்ப்பலகை மாறினாலோ, பயோஸில் கணினி டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்பதற்கு மாறியிருந்தாலோ நீலத் திரை வரும். சில யூஎஸ்பி பெட்டிகள் டிஸ்க்கின் செக்டர் (தரவை எழுதும் மிகச் சிறிய துண்டு) அளவை 4 கிலோபைட்டாகக் காட்டும். பெட்டிக்குள் வைத்து எடுத்த குளோனை வெளியே எடுத்து நேரடியாகப் பூட்டினால் டிஸ்க் வெறுமையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அதே பெட்டிக்குள் திரும்பப் போட்டால் ஃபைல்கள் தெரியும். ஆனால் அவசரத்துக்கு ஓட உதவாது. அசலையும் குளோனையும் ஒன்றாகச் செருகினால் இரண்டுக்கும் ஒரே அடையாள இலக்கம் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஓஃப்லைன் ஆக்கிவிடும். அதைப் பார்த்து டிஸ்க் பழுது என்று நினைத்து ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள்.

இதற்குள் புதிதாகச் சேர்ந்த தலையிடி, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கர். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு நிறுவிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல், சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி டிஸ்க் குறியாக்கப்பட்டிருக்கிறது. வழமையாகத் திறக்கும் சாவி தாய்ப்பலகையில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கும். லப்டொப் எரிந்து, அதன் குளோனை வேறு கணினியில் பூட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் எந்தத் திருத்துனராலும் எதுவும் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று, அலுப்பு. ஒரு வேர்ட் ஃபைல் மாறியதற்காக முழு டிஸ்க்கையும் மணிக்கணக்கில் கொப்பி பண்ண எவருக்கும் மனம் வராது. அதனால்தான் அலுமாரிக்குள் இருக்கும் குளோன்கள் பெரும்பாலும் பழசாகவே இருக்கின்றன.

இனிச் செய்ய வேண்டியது

முதலாம் படி: திரும்பக் கிடைக்காததைப் பிரித்தெடுங்கள்

விண்டோஸைத் திரும்பப் பதியலாம். ஓஃபிஸ், பிரின்டர் ட்ரைவர் எல்லாம் இறக்கலாம். அவற்றுக்காக நித்திரை முழிக்கத் தேவையில்லை. ஒரு தாளை எடுத்து, போனால் வராதவற்றை எழுதுங்கள்.

வன்னியில் ஒரு ஸ்ரூடியோவுக்கோ அச்சகத்துக்கோ இந்தத் தாளில் முதலில் வர வேண்டியது ஸ்கான் பண்ணிய பழைய படங்கள். 2009க்கு முந்திய அல்பங்களை இடப்பெயர்விலே விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அந்தியேட்டிக் கல்வெட்டுக்காக (நினைவு மலருக்காக) யாரோ ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த, மடிப்பு விழுந்த ஒரு படத்தை ஸ்கான் பண்ணித் துப்புரவாக்கி வைத்திருப்பீர்கள். அந்த ஆளுக்கு உலகத்திலேயே மிஞ்சிய படம் உங்கள் டிஸ்க்கில் இருப்பதாக இருக்கலாம். கல்வெட்டு அச்சாகிவிட்டது என்று அந்த ஃபோல்டரை அழிக்காதீர்கள்.

அடுத்தது எழுத்துருக்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய ஃபைல், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். நீங்கள் பாவிக்கும் தமிழ் எழுத்துருக்களை விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து ஒரு ஃபோல்டரில் சேருங்கள். பில் போடும் மென்பொருளின் டேட்டாபேஸ், அதன் உரிமச் சாவி, மின்னஞ்சல் கோப்பு, டெஸ்க்டொப்பிலும் டவுன்லோட்ஸிலும் சிதறிக் கிடப்பவை, ஃபோனிலிருந்து வட்ஸ்அப்பில் வந்த ஆவணங்கள் எல்லாம் பட்டியலில் வரட்டும்.

இரண்டாம் படி: ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள்

டி ட்ரைவில் 'வேலை' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஆண்டு வாரியாக. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாம் படி: இரண்டு டிஸ்க் வாங்குங்கள், வாங்கியதைச் சோதியுங்கள்

உங்கள் 'வேலை' ஃபோல்டரைவிட இரண்டு மடங்காவது பெரிய வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும். 'ஏ', 'பி' என்று ஒட்டுங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடப்டர் வேண்டும், கரண்ட் போனால் அதுவும் நிற்கும். 2.5 அங்குலம் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். லப்டொப்போடு பாவித்தால் கரண்ட் போனாலும் வேலை தொடரும்.

மலிவு விலைக்கு 2 டெராபைட் பென் ட்ரைவ் என்று விற்பவற்றை நம்ப வேண்டாம். அவற்றில் பல, உள்ளே சிறிய சிப்பை வைத்துக்கொண்டு பெரிய அளவைப் பொய்யாகக் காட்டுபவை. உண்மையான கொள்ளளவு நிறைந்த பிறகு எழுதுபவை எல்லாம் காற்றில் போகும், பெயர் மட்டும் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதையும் எழுதித் திரும்ப வாசித்து உண்மை அளவைச் சொல்லும். புதிய டிஸ்க் வெறுமையாக இருக்கும்போதே ஒரு இரவு இதை ஓடவிடுங்கள்.

அலுமாரியில் நெடுநாள் வைக்க, சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி வாங்காதீர்கள். எஸ்எஸ்டி தரவை மின்னேற்றமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரமே காட்டாமல் வைத்தால் அது கசியும், சூடு கூடக் கூட வேகமாகக் கசியும். சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு சாதாரண எஸ்எஸ்டிகளுக்கு வைத்த தரம்கூட, எழுதித் தேய்ந்து ஆயுள் முடிந்த நிலையில் 30 பாகை செல்சியஸில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த 30 எங்கே!

நாலாம் படி: பழைய பதிப்புகளை வைத்திருக்கும் மென்பொருளைப் பூட்டுங்கள்

விண்டோஸோடு வரும் ஃபைல் ஹிஸ்டரியே பலருக்குப் போதும். விண்டோஸ் 11இல் அது கன்ட்ரோல் பனலுக்குள் ஒளிந்திருக்கிறது. டிஸ்க்கைச் செருகி, இயக்கி, 'வேலை' ஃபோல்டரைப் பிக்சர்ஸ் அல்லது டொக்யுமென்ட்ஸ் லைப்ரரிக்குள் சேர்த்துவிடுங்கள். டிஸ்க் செருகியிருக்கும்போது மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களை எடுக்கும். முந்திய பதிப்புகளும் இருக்கும்.

கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஃபிரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. மிரர் முறையை மட்டும் தெரிவு செய்தால் அது குளோனின் அதே குற்றத்தைச் செய்யும்: இங்கே அழித்தது அங்கேயும் அழியும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கொப்பிக் கருவியின் மிரர் கட்டளையும் அப்படித்தான். ஃபிரீஃபைல்சிங்க் அமைப்பில் அழிக்கும் ஃபைல்களை என்ன செய்வது என்ற இடத்தில் வேர்ஷனிங் என்பதைத் தெரிவு செய்து, காப்பு டிஸ்க்கிலேயே 'பழையவை' என்று ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள், நேர முத்திரையையும் இயக்குங்கள். கலியாண ஃபோல்டரை அழித்த பெடியனின் கதை இந்த ஒரு அமைப்போடு முடிந்துவிடும்.

பில் மென்பொருளின் டேட்டாபேஸை மட்டும் இப்படி எடுக்காதீர்கள். மென்பொருள் திறந்திருக்கும்போது கொப்பி பண்ணிய டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். மென்பொருளுக்குள்ளேயே பக்கப் என்று ஒரு பொத்தான் இருக்கும். கடை பூட்டும்போது அதை அழுத்தி, வருகிற ஃபைலை 'வேலை' ஃபோல்டருக்குள் விழச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு டிஸ்க் ஊருக்கு வெளியே

'ஏ' கடையில், 'பி' வேறு இடத்தில். வெள்ளிக்கிழமை மாற்றுங்கள். எடுத்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள், வைரஸுக்கும் மின்னலுக்கும் அதுதான் வேலி. ஐப்பசியில் இடி முழக்கம் தொடங்கினால் கணினியின் ப்ளக்கோடு றவுட்டரின் வயரையும் இழுத்துவிடும் பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. காப்பு டிஸ்க்கையும் அந்தப் பழக்கத்துக்குள் சேர்க்க வேண்டும்.

பக்கத்து வீடு வெளி இடம் ஆகாது. 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஊர் ஊராகத் தண்ணீருக்குள் போனது. பரந்தன் கடைக்காரருக்கு வவுனியாவில் தங்கச்சி வீடு இருந்தால் 'பி' அங்கே இருக்கட்டும், ஏ-9 பஸ்ஸில் போய்வருகிற ஆள் எப்படியும் இருப்பார். டிஸ்க்கைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

இணையக் காப்பு நல்லதுதான், ஆனால் கலியாண வீடியோ முழுவதையும் டேட்டா கட்டி ஏற்றுவது நடக்காத காரியம். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் ஆவணங்களுக்கும் டேட்டாபேஸ் பக்கப்புக்கும் தாராளம். சிறியவை இணையத்துக்கு, பெரியவை டிஸ்க்குக்கு என்று பிரியுங்கள்.

ஆறாம் படி: விண்டோஸுக்கு இமேஜ்

இப்போதுதான் முழு டிஸ்க்கின் முறை. குளோனை விட்டு இமேஜ் எடுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை போதும். முன்னர் பலர் பாவித்த மக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பு 2024 ஜனவரி 1க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம்கூட இல்லாமல் நின்றுவிட்டது. தாய்வானின் தேசிய உயர்திறன் கணிமை மையத்தில் உருவான குளோன்சில்லா இன்னும் இலவசம். திரை பழங்காலத்து நீலப் பெட்டிகள்தான், வேலை சுத்தம்.

எடுக்க முன்னர் பிட்லொக்கர் இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். இருந்தால் மீட்புச் சாவியை அச்சடித்து, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். குறியாக்கிய பகுதியைக் குளோன்சில்லாவால் புரிந்துகொள்ள முடியாது, வெறும் இடத்தையும் சேர்த்தே எடுக்கும், இமேஜ் பூதாகரமாகும். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக நிறுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும்.

குளோன்சில்லா பென் ட்ரைவிலிருந்து பூட் பண்ணி, டிவைஸ்-இமேஜ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். டிவைஸ்-டிவைஸ் என்றால் அது குளோன். இமேஜ் போக வேண்டிய டிஸ்க்கைக் காட்டி, பிகினர் முறை, சேவ்டிஸ்க், பிறகு சி ட்ரைவ் இருக்கும் டிஸ்க். எடுத்து முடிந்ததும் இமேஜ் மீட்கக்கூடியதா என்று சரிபார்க்கவா எனக் கேட்கும் இடத்தில், எவ்வளவு அவசரமென்றாலும் ஆம் சொல்லுங்கள். மீட்கும்போது டிஸ்க் பழையதன் அளவோ அதைவிடப் பெரிதோ இருக்க வேண்டும்; 500 ஜிகாபைட் இமேஜை 480 ஜிகாபைட் எஸ்எஸ்டியில் இறக்க விடாது, உள்ளே 60 ஜிகாபைட்தான் இருந்தாலும்.

ஏழாம் படி: திருப்பி எடுத்துப் பாருங்கள்

இதைச் செய்யாதவரைக்கும் மேலே செய்த எதையும் காப்பு என்று நான் கணக்கில் எடுக்கமாட்டேன். 'பி' டிஸ்க்கை வேறு ஒரு கணினியில் செருகி, ஒரு பழைய படம், ஒரு பாமினி ஆவணம், போன மாதத்து டேட்டாபேஸ் பக்கப் மூன்றையும் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது, படம் கீழ்வரைக்கும் வர வேண்டும். இமேஜைச் சோதிக்கப் பழைய டிஸ்க் ஒன்றைப் பாவியுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேல் ஒருபோதும் வேண்டாம்.

குளோன் எப்போது சரி

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது. அதற்குத்தான் அது செய்யப்பட்டது. ஃபைல் காப்பு கையில் இருக்க வேண்டும், திசையைத் தொடர் இலக்கத்தால் உறுதிசெய்ய வேண்டும். முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகே முதல் தடவை பூட் பண்ணுங்கள். புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழையதில் கை வைக்க வேண்டாம்.

டிஸ்க் ஏற்கனவே டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, ஃபோல்டர் திறக்க நிமிடக்கணக்கில் எடுக்கிறது என்றால் கதை வேறு. சாதாரண குளோன் மென்பொருள் பழுதான செக்டரில் முட்டி நிற்கும், அல்லது அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து டிஸ்க்கைச் சாகடிக்கும். விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கும் அப்போது ஓடவிடாதீர்கள். லினக்ஸில் உள்ள குனு டிடிரெஸ்கியூ நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களைக் குறித்து வைத்துக் கடைசியில்தான் முயலும். இடையில் கரண்ட் போனாலும் குறிப்பு ஃபைலைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். சத்தம் உலோகம் உரசுவது போல இருந்தால் அதுவும் வேண்டாம். உடனே கரண்டை நிறுத்தி, திரும்பப் போடாமல், தரவு மீட்கும் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்புங்கள். திறந்து பார்க்கிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தூசி புகாத அறை இல்லாமல் மூடியைக் கழற்றினால் பிறகு ஆய்வுகூடமும் கையை விரிக்கும்.